முன்னால் 15, பின்னால் 26

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழையில், திருச்சி–மதுரை நாற்கரச் சாலையில் விராலிமலை தாண்டி நான் ஓட்டிக்கொண்டிருந்த கார் அரைச்சுற்றுச் சுற்றி, வந்த வழியைப் பார்த்தபடி நின்றது. பின்சீட்டில் அக்காவும் அவளுடைய ஆறு வயது மகளும். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அந்த நேரத்தில் பின்னால் லாரி எதுவும் வரவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

நடந்தது இவ்வளவுதான். லேசான வலது வளைவு. வேகம் 80 இருக்கும். சாலையில் தண்ணீர் தேங்கி மின்னுவதைப் பார்த்ததும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பிரேக்கைக்கூடத் தொடவில்லை. ஸ்டீயரிங் கையில் உறுதியாகத்தான் இருந்தது. வண்டியின் மூக்கு நான் திருப்பிய பக்கம்தான் போனது. ஆனால் முதுகுக்குப் பின்னால் ஏதோ கழன்றுகொண்ட மாதிரி இருந்தது. அடுத்த நொடி கண்ணாடியில் சாலை இல்லை, நடுத்தடுப்பின் அரளிச்செடிகள் தெரிந்தன.

கார் மாமாவுடையது, அக்காவின் கணவர். அன்று இரவு ஃபோனில் அவர் கேட்ட முதல் கேள்வி, "எவ்ளோ ஸ்பீடுல போன?"

"எண்பதுதான் மாமா."

"மழையில எண்பது எதுக்குடா?"

என்னிடம் பதில் இல்லை. தப்பு என்னுடையது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அதற்குப் பிறகு பல மாதம் மழை பெய்தால் சாவியைத் தொடுவதில்லை.

அந்தப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு அதே காருக்கு நான்தான் இரண்டு புது டயர் வாங்கிப் போட்டிருந்தேன். நான்கையும் மாற்ற அப்போது கையில் காசு இல்லை. கடைக்கார அண்ணன் ரொம்பப் பொறுப்பாகச் சொன்னார்: "தம்பி, புதுசு ரெண்டையும் முன்னாடி போட்டுருவோம். இழுக்குறது, திருப்புறது, பிரேக்கு எல்லாமே முன்வீல்தானே. பழசு பின்னாடி கிடக்கட்டும், அது சும்மா உருண்டு வர்றதுதானே." எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. யாருக்குத்தான் படாது?

சம்பவம் நடந்து வெகுநாள் கழித்து, மெக்கானிக்கல் படித்த நண்பனிடம் இதைச் சொன்னபோது அவன் வேகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "புது டயர எங்க போட்ட?" என்றான். முன்னாடி என்றேன். "அப்ப அது திரும்பத்தான்டா செய்யும்" என்றவன், கொஞ்சம் யோசித்து, "கார்வேர்னு ஒரு அமெரிக்க வண்டி இருந்துச்சு. அதப் பத்திப் படி" என்றான். படித்தேன். முன்டயருக்கும் பின்டயருக்கும் இடையிலுள்ள வித்தியாசத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்றும், அதில் எல்லாக் காலத்திலும் முதல் கேள்வி மாமா கேட்ட கேள்விதான் என்றும் அப்போதுதான் தெரிந்தது.

*

முதலில் ஒரு சின்ன விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கார் வளைவில் திரும்பும்போது டயர் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையிலேயே போவதில்லை. ரப்பர் இளகக்கூடியது. பக்கவாட்டில் தள்ளப்படும்போது டயர் முறுக்கிக்கொண்டு, தான் பார்க்கும் திசையிலிருந்து கொஞ்சம் விலகித்தான் உருள்கிறது. வழுக்கிவிட்டது என்று அர்த்தமில்லை. நல்ல சாலையில், நல்ல டயரில், நிதானமான வேகத்தில்கூட இது நடந்துகொண்டேதான் இருக்கும். பார்க்கும் திசைக்கும் போகும் திசைக்கும் இடையிலான இந்த விலகலை நழுவு கோணம் என்று சொல்லிக்கொள்வோம்.

இப்போது கேள்வி, முன்டயர் அதிகம் நழுவுகிறதா, பின்டயரா? முன்டயர் அதிகம் நழுவினால் கார் நீங்கள் கேட்டதைவிடக் குறைவாகத் திரும்பும், வளைவுக்கு வெளியே அகன்று போகும். அது அண்டர்ஸ்டியர். பின்டயர் அதிகம் நழுவினால் வால் வெளியே வீசும், கார் நீங்கள் கேட்டதைவிட அதிகமாகத் திரும்பும். அது ஓவர்ஸ்டியர். இந்த இரண்டு சொற்களையும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவராக மாரிஸ் ஆலி என்ற ஆங்கிலேயப் பொறியாளரைச் சொல்வார்கள். ரோல்ஸ் ராய்ஸில் வேலை பார்த்துவிட்டு 1930இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போனவர். அதே காலத்தில்தான் அங்கே டயர்களைச் சுழலும் உருளையின் மேல் ஓடவிட்டு, எந்தக் கோணத்தில் எவ்வளவு பிடிப்பு என்று அளக்கத் தொடங்கினார்கள். அதுவரை கார் ஏன் சில நேரம் சொன்ன பேச்சுக் கேட்கிறது, சில நேரம் கேட்பதில்லை என்பதை ஓட்டுநர்கள் இடுப்பால் உணர்ந்தார்களே தவிர, யாராலும் எண்ணாகச் சொல்ல முடியவில்லை.

இரண்டில் எது ஆபத்து? அண்டர்ஸ்டியரில் வண்டி நேராகப் போகப் பார்க்கும். பயந்துபோய்க் காலை எடுத்தால் வேகம் குறையும், எடை முன்னால் சாயும், முன்டயருக்குப் பிடிப்புத் திரும்பி வரும். அதாவது பயந்தவன் இயல்பாகச் செய்வதே அங்கே வைத்தியம். ஓவர்ஸ்டியரில் அதே காரியம் விஷம். காலை எடுத்தால் எடை முன்னால் சாயும், பின்டயர் லேசாகும், ஏற்கெனவே நழுவிக்கொண்டிருந்தது மொத்தமாக விட்டுவிடும். அங்கே வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கை ஒடிக்க வேண்டும், அதுவும் நொடிக்குள். பந்தய ஓட்டுநர் செய்வார். நானும் நீங்களும் செய்யமாட்டோம்.

அம்பை நினைத்துக்கொள்ளுங்கள். இறகு வாலில் இருப்பதால்தான் அம்பு நேராகப் போகிறது. இறகைப் பிடுங்கி முனையில் கட்டினால் பாதி வழியில் அம்பு திரும்பிக்கொள்ளும். காரில் அந்த இறகு பின்டயர். "சும்மா உருண்டு வர்றது" என்று கடைக்கார அண்ணன் சொன்னது அந்த இறகைத்தான்.

இதிலிருந்து வரும் முடிவு விசித்திரமானது. சாதாரண மனிதன் ஓட்டும் கார் பத்திரமாக இருக்க, முன்டயர் பின்டயரைவிடக் கொஞ்சம் மோசமாக இருக்க வேண்டும். பொறியாளர்கள் இதை வெளியே உரக்கச் சொல்வதில்லை. ஆனால் 1930களிலிருந்தே அவர்களுக்குத் தெரியும்.

*

1959 அக்டோபரில் ஷெவர்லே நிறுவனம் கார்வேர் என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கக் கார்களில் அது ஒரு வேற்றுக்கிரகவாசி. இன்ஜின் பின்னால், ரேடியேட்டர் இல்லாமல் காற்றாலேயே குளிரும் ஆறு சிலிண்டர் அலுமினிய இன்ஜின். அடுத்த வருடம் வந்த மான்ஸா என்ற இரண்டு கதவு மாடல் இளைஞர்களைப் பிடித்துக்கொண்டது. 1962இல் டர்போ வைத்த ஸ்பைடர் வந்தது. ஏழையின் போர்ஷே என்று செல்லப் பெயர்.

காரின் எடையில் ஐந்தில் மூன்று பங்கு பின்சக்கரங்களின் மேல் இருந்தது. கூடவே, பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில். அதாவது சக்கரத்துக்குப் போகும் அச்சுத்தண்டு நடுவில் கியர்பெட்டியருகே மட்டும் கீல் போட்டதுபோல மடங்கும். கதவு கீலில் ஆடுவதைப்போல முழு அச்சும் சக்கரமும் சேர்ந்து மேலும் கீழும் ஆடும். வளைவில் வேகமாகப் போய்ப் பின்பக்கம் எழும்பினால், வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடிந்து, டயர் தன் விளிம்பில் நிற்கும். பிடிப்பு மிக அதிகமாகத் தேவைப்படும் அந்தக் கணத்தில் அது மிகக் குறைவாக இருக்கும்.

ஷெவர்லே பொறியாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. சரிசெய்யும் வழியும் தெரியும். முன்பக்கம் ஒரு வளைந்த இரும்புக் கம்பி, ஆண்டி-ரோல் பார், போட்டால் முன்டயர்கள் அதிகச் சுமை ஏற்று முதலில் நழுவும், பின்பக்கம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அந்தக் கம்பி இல்லாமலே கார் வெளிவந்தது. பதிலாக அவர்கள் தேர்ந்தெடுத்தது காற்று.

நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே வகை. ஆனால் கையேட்டில் இரண்டு எண்கள் இருந்தன: குளிர்ந்த டயரில் முன்னால் 15 பவுண்டு, பின்னால் 26 பவுண்டு. நம்மூர் பஞ்சர் கடையில் யாராவது காருக்கு 15 பவுண்டு காத்து வைக்கச் சொன்னால், "டயர் உக்காந்துரும் சார்" என்பார்கள். உட்கார வேண்டும் என்பதுதான் நோக்கம். தளர்ந்த முன்டயர் வளைவில் அதிகம் முறுக்கிக்கொள்ளும், அதிகம் நழுவும். முன்பக்கத்தை வேண்டுமென்றே மோசமாக்கி வாலைக் காப்பாற்றும் தந்திரம். ஒரு இரும்புக் கம்பி செய்திருக்க வேண்டிய வேலையை 11 பவுண்டு வித்தியாசம் செய்தது.

இதற்குச் செலவே கிடையாது. அதுதான் இதன் அழகு. இதன் அபாயமும் அதுவே.

ஏனென்றால் கம்பி காரோடு போகும், காற்று போகாது. அமெரிக்காவின் மற்ற கார்களுக்கு முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒரே அளவு காற்றுதான். பெட்ரோல் பங்கில் கண்ணாடி துடைத்து, காற்றுப் பார்த்து அனுப்பும் பையனுக்கு இந்த ஒரு கார் மட்டும் வேறு ஜாதி என்று யார் சொல்வது? முன்டயர் தளர்ந்திருப்பதைப் பார்த்தால் நல்லெண்ணத்தோடு ஏற்றிவிடுவான். நான்கிலும் ஒரே அளவு வைத்த நொடியில் பொறியாளர்கள் மறைத்துவைத்த குணம் திரும்ப வந்துவிடும். ஓட்டுகிறவருக்கோ எதுவும் தெரியாது. சொல்லப்போனால் ஸ்டீயரிங் இன்னும் கூர்மையாக, இன்னும் நன்றாக இருப்பதாகத் தோன்றும். புது டயரை முன்னால் போட்ட அந்த ஒரு வாரம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

1962 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் எர்னி கோவாக்ஸ் என்ற தொலைக்காட்சி நகைச்சுவைக் கலைஞர், மழை பெய்த இரவில், தன் கார்வேர் வண்டி மின்கம்பத்தில் மோதி இறந்தார். சுருட்டுப் பற்றவைக்கப் போய்க் கட்டுப்பாட்டை இழந்தார் என்று பேசிக்கொண்டார்கள். இருக்கலாம். விபத்து நடந்ததும் மனிதன் செய்த தப்புதான் முதலில் கண்ணில் படும். சுருட்டு தெரியும், வேகம் தெரியும். காற்றைக் கண்ணால் பார்க்க முடியாது.

1962இலேயே கார்வேருக்கு அந்த முன்கம்பியை, கேட்டால் கூடுதல் காசுக்குத் தருவதாக அறிவித்தார்கள். 1964இல் எல்லாக் காருக்கும் போட்டார்கள், பின்னால் குறுக்கே ஒரு பட்டை வில்லும் சேர்த்தார்கள். 1965இல் ஸ்விங் ஆக்ஸிலையே தூக்கிவிட்டுப் புதிய பின்பக்கத்தை வடிவமைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் ரால்ஃப் நேடர் என்ற 31 வயது வழக்கறிஞரின் 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' வெளியானது. முதல் அத்தியாயமே கார்வேர்தான். அவருடைய வாதத்தின் மையம் எளிமையானது. ஓட்டுநர் காற்றழுத்தத்தைக் கச்சிதமாகப் பராமரித்தால்தான் கார் பத்திரம் என்றால், பொறுப்பைத் தயாரிப்பாளர் ஓட்டுநர் தலையில் இறக்கி வைத்துவிட்டார் என்று பொருள்.

பிறகு நடந்தது சினிமாபோல இருக்கும். நேடருக்குப் பின்னால் நிறுவனம் துப்பறிவாளர்களை அனுப்பியது அம்பலமாகி, 1966 மார்ச்சில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் குழு முன் மன்னிப்புக் கேட்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கா தன் முதல் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. கார்வேர் 1969 மே மாதம் நிறுத்தப்பட்டது.

கதையை இங்கே முடித்தால் நல்லவர், கெட்டவர் என்று வசதியாக இருக்கும். ஆனால் 1972 ஜூலையில் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு தன் சோதனை அறிக்கையை வெளியிட்டது. 1963 கார்வேரை அன்றைய ஃபோர்டு ஃபால்கன், பிளிமத் வேலியன்ட், ஃபோக்ஸ்வேகன் பீட்டில், ரெனோ டோஃபீன் ஆகியவற்றோடு ஓட்டிப் பார்த்து, அவற்றைவிட இது கட்டுப்பாட்டை இழக்கும் அபாயம் கூடுதலாகக் கொண்டதல்ல என்று முடிவு சொன்னார்கள். கார்வேர் அபிமானிகள் இன்றும் இந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள்.

நான் இரண்டு பக்கத்தையும் நம்புகிறேன். அன்று அதே மாதிரி இன்னும் கார்கள் இருந்தன என்பது உண்மை. பீட்டிலுக்கும் முன்னால் குறைவு, பின்னால் அதிகம் என்றுதான் காற்று வைக்கச் சொல்லியிருந்தார்கள். ஆனால் எல்லாரும் மோசம் என்பது விடுதலைத் தீர்ப்பு ஆகாது. நேடர் கேட்டது அந்தக் கார் மற்ற கார்களைவிட மோசமா என்பது மட்டுமல்ல, இரண்டு எண்களைத் தெரிந்துவைத்திருக்கும் கடமை யாருடையது என்பதும்தான். அதற்கு அறிக்கை பதில் சொல்லவில்லை.

*

ஏழையின் போர்ஷே இப்படி என்றால் உண்மையான போர்ஷே?

போர்ஷே 911 அறிமுகமானது 1963இல். அங்கேயும் இன்ஜின் பின்அச்சுக்கும் பின்னால் தொங்கியது. பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில் இல்லை என்பது பெரிய முன்னேற்றம். ஆனால் எடை எங்கிருக்கிறதோ அங்கேதானே இருக்கும். ஒரு முனையில் கல்லைக் கட்டிய கம்பைச் சுழற்றிப் பாருங்கள், கல் உங்களை இழுக்கும். ஆரம்பகால 911இல் நான்கு சக்கரத்திலும் 165 மில்லிமீட்டர் அகல டயர்கள், முன்னும் பின்னும் ஒன்றே. வளைவின் நடுவில் பயந்து காலை எடுத்தவர்கள் பின்பக்கமாகப் புதருக்குள் போனார்கள்.

இதற்கு போர்ஷே செய்த முதல் வைத்தியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். உலகின் ஆகச் சிறந்த பொறியாளர்கள் கூடி யோசித்து, முன் பம்பரின் இரண்டு மூலைகளிலும் ஆளுக்கு 11 கிலோ வார்ப்பிரும்பைச் சொருகினார்கள். ஒரு கிராம் குறைக்கத் தவம் கிடக்கும் ஸ்போர்ட்ஸ் காரில் 22 கிலோ வெறும் இரும்பு! அடுத்த வைத்தியம் கொஞ்சம் கௌரவமானது. 1969 மாடலில் இன்ஜினை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பின்சக்கரங்களை மட்டும் 57 மில்லிமீட்டர் பின்னால் தள்ளினார்கள். கனமான ஒரு பேட்டரிக்குப் பதிலாக மூக்கின் இருபுறமும் இரண்டு பேட்டரிகள் வைத்தார்கள்.

மூன்றாவதாகத்தான் டயருக்கு வந்தார்கள். 1973 மாடலாக வந்த கரேரா ஆர்.எஸ். 2.7 காரில் முன்னால் 6 அங்குல ரிம்மில் 185 அகல டயர், பின்னால் 7 அங்குல ரிம்மில் 215 அகல டயர். சாலையில் விற்ற 911இல் முன்னும் பின்னும் வேறுவேறு டயர் வந்தது இதில்தான். பின் மட்கார்டை அதற்காகவே புடைக்கவைத்தார்கள். இன்று ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் நம் மனத்தில் வரும் உருவம் எது? ஒல்லியான முகம், அகன்ற இடுப்பு. அது பார்க்க ஸ்டைலாக இருக்கிறது என்பதற்காக மட்டும் வந்ததல்ல. வால் வீசிவிடக்கூடாதே என்ற பயத்தின் உருவமும்தான்.

ஷெவர்லே காற்றில் ஒளித்துவைத்த வித்தியாசத்தை போர்ஷே ரப்பரில் வெளிப்படையாகப் போட்டது. இது நேர்மையான வழி. பங்கில் வேலை பார்க்கும் பையனால் 215ஐ 185 ஆக்க முடியாது. பின்டயரைக் கழற்றி முன்னால் மாட்டவும் முடியாது.

ஆனால் ரப்பர் இயற்பியலை ரத்து செய்துவிடாது, ஒத்திவைக்கும். அகன்ற பின்டயர் வால் வீசும் எல்லையை மேலே தள்ளிவைக்கிறது. எல்லை மேலே போனால் அதைத் தொடும்போது வேகமும் அதிகமாக இருக்கும். 1974இல் பாரிஸில் காட்டப்பட்ட 911 டர்போவுக்கு விதவையாக்கி என்று பட்டப்பெயர் வந்தது இப்படித்தான். டர்போ தூங்கிக்கொண்டிருக்கும், வளைவின் நடுவில் விழித்துக்கொண்டு பிடரியில் உதைக்கும். ஓட்டுகிறவர் திடுக்கிட்டுக் காலை எடுப்பார். எடை முன்னால் சாயும். மீதி உங்களுக்கே தெரியும். விராலிமலையில் நானும் அதைத்தான் செய்தேன், 260 குதிரைத்திறன் இல்லாமலே.

*

காற்றும் அகலமும் போக, வித்தியாசம் நுழைய மூன்றாவது வாசல் ஒன்று உண்டு. டயரின் உள்ளே இருக்கும் நூல்.

பழைய டயர்களில் நூலிழைகள் குறுக்கும் மறுக்குமாக ஓடும். நம் ஊரில் இன்றும் லாரிக்காரர்கள் நைலான் டயர் என்று சொல்வது அதைத்தான். 1946இல் பிரான்ஸின் மிஷலின் நிறுவனம் காப்புரிமை கோரிய ரேடியல் டயரில் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும், மேலே இரும்புப் பட்டை சுற்றியிருக்கும். ஒரே அளவு திருப்பத்துக்கு ரேடியல் குறைவாக நழுவும், அதிகம் பிடிக்கும். நல்லதுதான். ஆனால் நான்கு ரேடியல் வாங்கக் காசில்லாதவன் இரண்டு வாங்குவான். இரண்டு வாங்குகிறவன் எங்கே போடுவான்? ஸ்டீயரிங் நன்றாகப் பிடிக்கட்டும் என்று முன்னால் போடுவான்.

முன்னால் ரேடியல், பின்னால் நைலான் என்றால் அம்பின் இறகை முனையில் கட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். பிரிட்டனில் இதைச் சட்டம் போட்டே தடுத்திருக்கிறார்கள். பின்னால் ரேடியல் போட்டு முன்னால் பழசை வைத்துக்கொள்ளலாம், மாற்றிப் போட்டால் குற்றம். இந்த விதியை முதன்முதலில் படித்தபோது டயர்க் கடை வாசலில் தலையாட்டிக்கொண்டு நின்ற என்னையே ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

கடைசியாக ஜப்பான். 1989இல் டொயோட்டா தன் இரண்டாம் தலைமுறை எம்.ஆர்.2வை வெளியிட்டது. இன்ஜின் நடுவில், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால். முன்னால் 195, பின்னால் 205 அகல டயர். வித்தியாசம் 10 மில்லிமீட்டர். சட்டென்று வால் வீசும் கார் என்று பெயர் கெட்டது. முன்சக்கர இழுவைக் கார்களிலிருந்து ஏறி வந்தவர்கள், பழைய வண்டியில் காப்பாற்றிய அதே பழக்கத்தால், வளைவில் காலை எடுத்தார்கள். ஓட்டத் தெரியாதவர்கள் கெடுக்கிறார்கள் என்று ரசிகர்கள் சொன்னார்கள். எவ்ளோ ஸ்பீடுல போன?

1993 மாடலுக்குள் டொயோட்டா சஸ்பென்ஷனைத் திருத்தியது, 14 அங்குலச் சக்கரத்தை 15 ஆக்கியது. டயர் அளவைப் பாருங்கள்: பின்னால் 225. முன்னால்? அதே 195. முன்னால் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூட்டவில்லை. ஓட்டுநர்கள்மேல் மொத்தப் பழியையும் போட்ட ரசிகர்களுக்கு டொயோட்டா சொன்ன பதிலாக அந்த 20 மில்லிமீட்டரை நான் படிக்கிறேன்.

ஆனால் அந்தக் கார் இப்போது மூன்றாவது, நான்காவது கையில் இருக்கும். முன்னால் ஒல்லியாக இருப்பது அழகாக இல்லையே என்று ஒருவர் அகல டயர் போடுவார். இன்னொருவர் பின்னால் மலிவான ஒன்றை மாட்டுவார், முன்னால் நல்ல கம்பெனி டயரை விட்டுவைப்பார். அளவு சரியாகத்தான் இருக்கும். ஆனால் ரப்பரின் தன்மை வேறு, பிடிப்பு வேறு. தொழிற்சாலையில் யாரோ மாதக்கணக்கில் ஓட்டி ஓட்டிச் சமன்செய்த கணக்கு ஒரு மதியத்தில் அழிந்துபோகும். போர்ஷே தன் கார்களுக்கு ஏற்ற டயர்களில் தனி அடையாளக் குறி பொறிக்கச் சொல்லி, முன்னும் பின்னும் அதே குறியுள்ள டயர்களையே போடச் சொல்வது இதனால்தான். விற்பனைத் தந்திரம் என்று பலர் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். நானும் முன்பு அப்படித்தான் நினைத்தேன்.

*

மாமாவின் கார் ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற சின்ன வண்டி. இன்ஜின் முன்னால், இழுப்பதும் முன்சக்கரம். அப்படிப்பட்ட காரைத் தயாரிப்பாளரே முன்பக்கம் முதலில் நழுவும்படி பத்திரமாகத்தான் செய்து அனுப்புகிறார். அதன் வாலைப் பிடுங்க வெளியிலிருந்து ஒருவர் வேண்டும். புது டயரின் ஆழமான வெட்டுகள் முன்னால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போக, தேய்ந்த பின்டயர்கள் அதே தண்ணீரின் மேல் மிதந்தன. ஒரு சாதாரணக் குடும்பக் காரை, கடைக்கார அண்ணனும் நானும் சேர்ந்து அரைமணி நேரத்தில் கார்வேர் ஆக்கியிருந்தோம். இரண்டு பேருமே நல்லெண்ணத்தோடுதான் செய்தோம்.

இரண்டு புது டயர்தான் வாங்க முடியுமென்றால் அதைப் பின்னால் போடுங்கள் என்றுதான் டயர்த் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். முன்சக்கர இழுவைக் காருக்கும் அதேதான். இந்த ஒரு வரி அந்தக் கடைவரை வந்து சேரவில்லை. 15, 26 என்ற இரண்டு எண்கள் அறுபது வருடத்துக்கு முன் அமெரிக்கப் பெட்ரோல் பங்குவரை வந்து சேராததுபோல. ஒரு பொருளைச் செய்கிறவனின் அறிவு அதைப் பயன்படுத்துகிறவனிடம் போய்ச் சேராத இடத்தில்தான் நாம் 'டிரைவர் மிஸ்டேக்' என்ற சொல்லை வைத்து இட்டு நிரப்புகிறோம்.

என் தவறை நான் கழித்துவிடவில்லை. மழையில் 80 தேவையில்லைதான். நேடரின் புத்தகத்தைப் படித்ததால் நான் நிரபராதி ஆகிவிடமாட்டேன். ஆனால் பழி முழுவதும் என்னுடையது என்று நம்பிய மாதங்களில் நான் மழையைக் கண்டு பயந்தேனே தவிர, பின்னாலிருந்த டயரைக் குனிந்து ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அதே டயர்கள், அதே இடத்தில், அக்காவையும் குழந்தையையும் சுமந்துகொண்டு இன்னொரு மழைக்காலத்தின் பாதிவரை ஓடின. என்னை உறுத்துவது அந்தச் சறுக்கலைவிட இதுதான். பழி சொல்ல ஒரு ஆள் கிடைத்துவிட்டால் காரணத்தைத் தேடுவதை எல்லாரும் நிறுத்திவிடுகிறோம், பழியை ஏற்றுக்கொண்டவன் உட்பட.

நண்பன் சொன்ன மறுவாரம் அதே கடைக்குப் போனேன். அண்ணே, முன்னாடி இருக்கிறதப் பின்னாடி மாத்திருங்க என்றேன். ஏன் என்றார். சொன்னேன். அம்பு, இறகு எல்லாம் சொன்னேன். ஜாக்கியைத் தள்ளிக்கொண்டே கேட்டவர், "அப்ப இத்தன வருசமா நான் போட்டுவிட்டதெல்லாம்?" என்றார். கொஞ்ச நேரம் இருவரும் எதுவும் பேசவில்லை. பிறகு அவர் எழுந்து போய், காத்து பிடிக்கும் குழாயை எடுத்துக்கொண்டு வந்தார். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் மேல் படிந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்து, முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று வாய்விட்டுப் படித்தார்.